ஏழும் எட்டும்

உலான்பாட்டரில் அன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
என் விளையாட்டுக் கூடத்தில் இருபது கணினிகள்,
ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் கதவுக்கு மட்டும் விசுவாசமாக.

ஏழும் எட்டும் ஒரே லாரியில் வந்து இறங்கியவை.
ஒரே நினைவகம், ஒரே வட்டு,
இரண்டின் விசைப்பலகையிலும்
உப்புத் தேநீர் சிந்திய அதே கறை.
ஏழில் பழைய இயங்குதளம் இருந்தது.
எட்டில் ஷிஜிர் புதியதை ஏற்றினான்,
ஞாயிறு முழுக்க, ஒரு கையால் ரொட்டி தின்றபடி.

"புதுசு பறக்கும்" என்றான்.
"எங்கே?" என்றாள் எசூய்.
பந்தயம் ஒரு தட்டு பூஸ்,
ஆட்டுக்கறி வைத்து அவித்தது, பன்னிரண்டு உருப்படி.

ஸ்டாப்வாட்ச் என் கைபேசி.
இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்.
எட்டு பத்தொன்பது நொடியில் கண் விழித்தது.
ஏழுக்கு நாற்பத்திரண்டு;
நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது.

ஷிஜிர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.
"கண்ணைத் திறந்தவனெல்லாம் எழுந்தவன் ஆகிவிடுவானா?"
எசூய் எட்டின் மவுஸைச் சொடுக்கினாள்.
கேட்டது, கேட்டது என்பதுபோல்
ஒரு வட்டம் சுழன்றது,
இன்னொரு முழு நிமிடம்.
அந்த நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது
என்பதில் முதல் சண்டை.

இரண்டாவது, விளையாட்டில்.
ஏழு நொடிக்கு அறுபத்தொரு படம் காட்டியது.
எட்டு, ஐம்பத்து நான்கு.
"ஏழு படம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது."
"சுடுகிறவனுக்குத் தெரியாது. செத்தவனுக்குத் தெரியும்."
"அந்தப் பழசின் பூட்டை என் தங்கச்சியே உடைப்பாள்."
"உன் புதுசில் வாசலுக்குப் பத்துக் காவலாளி.
வீட்டுக்காரனே வரிசையில் நிற்கிறான்."
சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்ல
நானும் வாயெடுத்தேன்.
முதலாளி கூலி என்றால்
சம்பளப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள்.
விட்டுவிட்டேன்.

பள்ளிப் பையன்கள் எந்த வாதத்தையும் கேட்கவில்லை,
ஏழைக் கேட்டார்கள்.
அது கிடைக்காதவன்
தண்டனை பெற்றவன்போல் எட்டில் போய் உட்கார்ந்தான்.

நள்ளிரவு தாண்டி, கூடம் காலியானபின், ஓச்சிர் வந்தான்.
பேருந்து நிறுத்தத்தில் பனி வழிக்கிறவன்,
மீசையிலும் கொஞ்சம் வழிக்காமல் வைத்திருந்தான்.
ஒரு மணிநேரத்துக்கான துக்ரிக்கை எண்ணி வைத்தான்.
ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்து
எட்டில் உட்கார்ந்தான்.
பாஸ்வேர்டுகூடப் போடவில்லை.
கையுறையைக் கழற்றி
பெட்டியின் பின்பக்கச் சல்லடையில்
விரல்களை விரித்து வைத்தான்.

யாரும் ஏவாமலே எட்டு
உள்ளே எதையோ தேடியது, அடுக்கியது,
கலைத்து மறுபடி அடுக்கியது,
ஃபேன் மூச்சிரைக்க.

"இதுதான் நல்ல மிஷின்" என்றான் ஓச்சிர்.
"பக்கத்தில் இருப்பதற்குச் சும்மா இருக்கத் தெரிந்திருக்கிறது."

எசூய் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்தாள்.
ஷிஜிருக்குத்தான் குழப்பம்.
ஜெயித்த மாதிரியும் இருந்தது,
ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள முடியாத மாதிரியும் இருந்தது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போய் வந்தது.
ஏழு எதுவும் நடக்காததுபோல் எழுந்துகொண்டது.
அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்,
முப்பத்தைந்து சதவீதம் என்றது எட்டு.
ஓச்சிருக்கு ஆட்சேபணை இல்லை.
அந்த முப்பத்தைந்தில்
காற்று இன்னும் சூடு.

பூஸை நான்தான் வாங்கினேன்.
நான்கு பேர், ஆளுக்கு மூன்று.
மூன்றாவதை மெல்லும்போதும்
அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஏப்ரலில், வாசல் பனி சேறானபோது,
ஓச்சிர் மேல்பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்தான்.
"ஏழு காலியா?" என்றான்.

திருகாணியை முடுக்கிக்கொண்டே
தலை நிமிராமல் சொன்னான் ஷிஜிர்:
"நேற்றுதான் அதிலும் புதுசு போட்டேன்."